ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு

என் தம்பி பிரணவனின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்துதான், அவன் சாகப்போகிறான் என்று அவனும் நானும் நம்பத் தொடங்கினோம். கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் வீட்டை அறிந்தவர்களுக்கு அப்படித் தெரியாது. அதனால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அப்பா மகேந்திரராசா அரச திணைக்களம் ஒன்றில் கணக்காளர். அவருக்குக் கண்டியில் வேலை கிடைத்ததால் நானும் தம்பியும் இங்கேயே பிறந்து வளர்ந்தோம். அம்மா பத்மாதேவி சிறு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. நான் மதனி. உயர்தரம் எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் நிற்கிறேன். முல்கம்பொலையில் ரயில் பாதைக்கு மேலே, செங்குத்தான படிகளில் ஏறி வரவேண்டிய வாடகை வீடு எங்களுடையது.

பிரணவனுக்குப் பதினேழு வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பாடசாலையின் இரண்டாவது கிரிக்கெட் அணியில் விக்கெட் காப்பாளன். பந்தைப் பிடிப்பதைவிட, மட்டை பிடிக்கிறவனின் முதுகுக்குப் பின்னால் நின்று ஓயாமல் கதைத்து அவனைக் குழப்புவதுதான் தன்னுடைய உண்மையான வேலை என்று சொல்வான். "தம்பி, கால் நடுங்குது, தண்ணி குடிச்சிட்டு வா" என்று தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பான். வீட்டிலும் அப்படித்தான். அவன் பாடசாலை விட்டு வந்துவிட்டானா என்று பார்க்க நாங்கள் யன்னலால் எட்டிப் பார்த்ததில்லை. அவன் படியேறும்போதே சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது.

நகரத்தில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் அவனுடைய கணித வகுப்பு நடக்கும். யன்னல்களை மூடி, ஏசி போட்டு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நெருக்கி இருத்தியிருப்பார்கள். வகுப்பின் நடுவில் அவனுக்கு மூச்சு உள்ளே போகவில்லை. ஊர்க் கிணற்றில் வாளியை இறக்க, அது தண்ணீரைத் தொடாமலே திரும்பி வருகிற மாதிரி இருந்தது என்று பிறகு எனக்குச் சொன்னான். நெஞ்சு இறுகியது. விரல்கள் விறைத்தன. இதயம் காதுக்குள் அடித்தது. பக்கத்தில் இருந்த கூட்டாளி பஹீம்தான் அவனைப் பிடித்துப் படிகளால் இறக்கினான்.

"மச்சான், தொகையீடு கணக்கப் பாத்தா எனக்கும் இப்பிடித்தான் வாற. ஆனா நான் விழமாட்டன், உம்மா அடிப்பா" என்று பஹீம் பகிடி விட்டானாம். பிரணவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததைக் கண்டுதான் பஹீம் பயந்து ஓட்டோ பிடித்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நல்லாயிருந்தது. வாய்வு என்று குளிசை தந்து அனுப்பினார்கள். கண்டியில் யாருக்கு நெஞ்சு நொந்தாலும் முதலில் அது வாய்வுதான். அம்மா இஞ்சி அவித்துக் கொடுத்தா. இரண்டு நாள் நன்றாக இருந்தான். பிறகு கெட்டம்பே சந்தியில் பஸ் நெரிசலில் நிற்கும்போது வந்தது. பிறகு குளியலறையில் வந்தது. பிறகு ஒன்றும் செய்யாமல் கதிரையில் இருக்கும்போதே வந்தது.

அதற்குப் பிறகு அவனுடைய இரண்டு விரல்கள் எப்போதும் கழுத்தில் இருந்தன. நாடி ஓடுகிறதா என்று பார்த்தபடியே சாப்பிட்டான். இடப்பக்கம் சரிந்து படுப்பதை விட்டான். வீட்டுப் படிகளில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். போனில் இரவும் பகலும் தேடி, விளையாடும்போது விழுந்து செத்த பிள்ளைகளின் கதைகளை எடுத்து வைத்தான்.

"அக்கா, என்ட சொண்டு நீலமா இருக்கோ?"

"இல்லையடா."

"லைட்டுக்குக் கீழ வடிவாப் பார்."

நான் பார்ப்பேன். இல்லை என்பேன். ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்ப வருவான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அவன் கேட்காதபோதும் நானாகவே அவன் உதட்டைப் பார்க்கத் தொடங்கினேன்.

கடைசியில் அப்பா காசு கட்டி இலக்கம் எடுத்து, இதய வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணினார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சனிக்கிழமைகளில் பார்க்கிறவர், சிங்களவர், நல்ல பெயர் உள்ளவர். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் செய்து முடித்துக்கொண்டு நானும் அப்பாவும் பிரணவனும் உள்ளே போனோம். வைத்தியர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிரணவனிடம் படிப்பைப் பற்றி, நித்திரையைப் பற்றிக் கேட்டார். "இதயம் நல்லாயிருக்கிறது" என்றார். பிறகு, நீங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்கள், நான் அப்பாவுடன் பேச வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார்.

கதவு மூடியது. நாங்கள் வெளியே இருந்தோம். தாதி அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். அடுத்த இலக்கக்காரர் எழும்பி வந்து நின்றார். கதவு திறக்கவில்லை. அவர் திரும்பிப் போய் இருந்தார்.

"நல்லாயிருக்கெண்டா ஏனக்கா இவ்வளவு நேரம்?" என்றான் பிரணவன்.

அப்பா வெளியே வந்தபோது லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"என்னப்பா சொன்னவர்?"

"ஒண்டுமில்லை. எல்லாம் நோர்மல். வாங்கோ போவம்."

வாசலுக்கு வந்ததும் நின்றார். வீதியைப் பார்த்துக்கொண்டு, "ஐஸ்கிறீம் குடிப்பமோ?" என்று கேட்டார்.

எங்கள் அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் விளங்கும். தடிமன், காய்ச்சல், பரீட்சையில் குறைந்த புள்ளி எல்லாவற்றுக்கும் ஐஸ்கிறீம்தான் காரணம் என்று நம்புகிற மனிதர் அவர். அன்று நெஞ்சு வருத்தக்காரப் பிள்ளைக்கு இரண்டு கரண்டி ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் குடிப்பானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிரணவன் ஒரு வாய்கூட வைக்கவில்லை. அது உருகி மேசையில் வழிந்தது. அதற்கும் அப்பா ஏசவில்லை.

அன்று இரவு குசினிக்குள் அப்பாவும் அம்மாவும் கதைத்தார்கள். சொற்கள் கேட்கவில்லை. அம்மா முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தா. கண் சிவந்திருந்தது.

இங்கே பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தமையன் வவுனியாவில் இருந்தவர். சில வருடங்களுக்கு முன் சிகிச்சைக்காகக் கண்டிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அவருக்குப் புற்றுநோய். கடைசி நிலை. வைத்தியர்கள் அதை அப்பாவிடம் சொன்னார்கள், அப்பா அம்மாவிடம் சொன்னார், அம்மா எங்களிடம் சொன்னா. பெரியப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருக்கு அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. சாகப்போகிறவருக்குச் சொல்லமாட்டார்கள், சொன்னால் மனம் விட்டுவிடுவார் என்பார்கள். அதற்குப் பதிலாக அவருக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கும். பெரியப்பா நண்டு கேட்டார், கிடைத்தது. பின்னேரத்தில் கடதாசி விளையாட ஆள் கேட்டார், பிரணவன் கிடைத்தான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. "அல்சர் எப்ப மாறும் தம்பி?" என்று பெரியப்பா கேட்க, "கெதியா மாறிடும் பெரியப்பா" என்று சீட்டைக் கலைத்தபடி சொன்னவன் அவன்.

ஒரு வீடு ஒருவனிடம் சாவை எப்படி மறைக்கும் என்பதை அவன் உள்ளே நின்று பார்த்திருக்கிறான். அந்த வீடு இப்போது அவனைச் சுற்றி அதையே செய்தது.

விடிய ஐந்து மணிக்கு அவனைப் படிக்க எழுப்புகிற அப்பா எழுப்பவில்லை. ஒரு ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை என்றான். "ஏலாட்டி விடு ராசா" என்றார். பாடசாலைத் தவணைப் பரீட்சையில் பௌதிகவியலில் தேறவில்லை. அம்மா புள்ளியைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, கோழிக் கறி வைக்கட்டோ?" என்று கேட்டா. சனிக்கிழமைகளில் அம்மா மீன், இறைச்சி என்று மச்சத்தை விட்டுவிட்டு அவனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சனி பகவானுக்கு எள்ளெண்ணெய் எரித்தா. கனடாவிலிருக்கும் மாமா போன் எடுத்தார். அவர் வழக்கமாக, "என்னடா இஞ்சினியர், இந்த முறையாவது பாலம் இடியாமல் கட்டுவியோ?" என்று தொடங்குவார். இந்த முறை, "உனக்கு என்ன வேணுமெண்டாலும் மாமாட்டச் சொல்லு ராசா" என்று சொல்லிவிட்டுக் குரல் கம்மிப் போனைத் துண்டித்தார்.

பிரணவன் போனை மேசையில் வைத்தான்.

"மாமா என்னை ராசா எண்டவர்."

"சும்மா சொல்லியிருப்பார்."

"அக்கா. பெரியப்பாவுக்குச் செய்தது ஞாபகம் இருக்கோ? அதைத்தான் எனக்குச் செய்யினம்."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அவன் என் முகத்தில் கண்டுவிட்டான். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், அப்பாவும் அம்மாவும் மற்றப் பக்கம்.

நேராகக் கேட்டால் உண்மை வராது என்பது பிரணவனுக்குத் தெரியும். பெரியப்பாவும் நேராகத்தான் கேட்டார். அதனால் ஒரு சோதனை வைத்தான். அப்பாவின் மேலதிகாரியின் மகன் மோட்டச் சைக்கிளில் போய்க் கடுகண்ணாவ வளைவில் விழுந்து கால் முறிந்ததிலிருந்து, எங்கள் வீட்டில் மோட்டச் சைக்கிள் என்ற சொல்லே கெட்ட வார்த்தை. இரவுச் சாப்பாட்டில் இடியப்பத்தைப் பிய்த்தபடி பிரணவன் சொன்னான்:

"அப்பா, எனக்கொரு மோட்டச் சைக்கிள் வேணும்."

அப்பா கத்த வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அப்பாவின் தாடை இறுகியது. தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு சாதுவாகச் சொன்னார்:

"பாப்பம்."

பிரணவன் எழும்பிக் கை கழுவப் போனான். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவனுடைய முதுகைத் தடவியபடி, இவனுக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த கிழமை அம்மா, கோயிலில் ஒரு சின்னப் பூசை இருக்கு, எல்லாரும் குளிச்சிட்டு வாங்கோ என்றா. சனிக்கிழமை காலை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓமகுண்டம் அடுக்கியிருந்தது. பிரணவனை வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றி, அதன் முன்னால் இருத்தினார்கள். அம்மா ஐயரின் காதில் ஏதோ சொன்னா. ஐயருக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. அவனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, ஆயுள் பலம் வேண்டி மிருத்யுஞ்சய ஓமம் என்று உரத்து அறிவித்துவிட்டு நெய்யை ஊற்றினார்.

புகை எழுந்தது. பிரணவன் திரும்பி என்னைத் தேடினான். மிருத்யு என்றால் என்ன என்று அவன் என்னிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை. எட்டாம் வகுப்புச் சைவ சமயப் புத்தகத்திலேயே அது இருக்கிறது.

எழும்பினான். தாம்பாளம் தட்டுப்பட்டுப் பூக்கள் சிதறின. "தம்பி! இரு!" என்று அம்மா கத்தினா. அவன் சட்டையை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டான். நான் பின்னால் ஓடினேன். பேராதனை வீதியில் பஸ்கள் ஹோன் அடித்தன. அவன் ஓட்டோ ஒன்றுக்குள் ஏற, நானும் பாய்ந்து ஏறினேன்.

"எங்கயடா போறாய்?"

"டொக்டரிட்ட." மூச்சு முட்ட முட்டச் சொன்னான். "எவ்வளவு நாள் இருக்கெண்டு எனக்குச் சொல்லட்டும். சொல்லாமல் நான் அசையமாட்டன்."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதுதான் எங்கள் காலில் செருப்பு இல்லை என்று கண்டேன். அவன் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பொத்தான் மாறிப் பூட்டிய சட்டை. பளிங்குத் தரையில் புழுதிக்கால் அடையாளம் வைத்துக்கொண்டு போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை இலக்கம் கேட்டாள். இலக்கம் இல்லை என்றோம். இன்றைக்கு முடிந்துவிட்டது, திங்கட்கிழமை போன் எடுங்கள் என்றாள்.

"திங்கக்கிழமை மட்டும் நான் இருப்பனோ தெரியாது" என்று பிரணவன் தமிழில் எனக்குச் சொன்னான். மெல்லத்தான் சொன்னான். வைத்தியரின் கதவுக்குப் பக்கத்தில் இருந்த வயதான முஸ்லிம் பெண் ஒருவருக்கு அது கேட்டுவிட்டது. அவர் எழும்பிக் கதிரையைக் காட்டினார்.

"வாங்க மகன், இதுல இருங்க. அடுத்த நம்பர் என்ட. நீங்க போங்க."

"உங்களுக்கு நேரம் போகுமே" என்றேன்.

"எனக்கும் இந்த நெஞ்சுக்கும் முப்பது வருஷப் பழக்கம். நான் சொன்னா அது கொஞ்சம் பொறுக்கும். புள்ளைட நெஞ்சு புதுசுதானே."

கதவு திறந்ததும் பிரணவன் உள்ளே போனான், நானும் பின்னாலேயே போனேன். வைத்தியர் நிமிர்ந்து வெறுங்காலையும் விபூதியையும் பார்த்தார். தாதி தடுக்க வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

பிரணவன் சிங்களத்தில் கேட்டான். "சேர், எனக்கு இன்னும் எவ்வளவு காலம்?"

"எதற்கு?"

"சாக."

வைத்தியர் பேனையை வைத்தார். "நீ சாகப்போகிறாய் என்று யார் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் தெரியும்."

அவர் கதிரையை அவனுக்குக் கிட்ட இழுத்தார். பிறகு கணினியைத் திருப்பி அவனுடைய படங்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் காட்டி, இது உன் இதயம், இது சுவாசப்பை, இது இரத்தம் என்று சொன்னார். எல்லாம் நலம். மூச்சு முட்டுவதும் பொய்யில்லை, பயம் கூடும்போது உடம்பு தேவைக்கு மேலே மூச்சை இழுக்கிறது, அதனால் விரல் விறைக்கிறது, நெஞ்சு இறுகுகிறது, அதைக் கண்டு பயம் இன்னும் கூடுகிறது என்றார். அதற்கு மருந்து இருக்கிறது, அது என்னிடம் இல்லை, மனநலக் கிளினிக்கில் இருக்கிறது, அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், கொஞ்ச நாளைக்குப் பிள்ளையை ஏசாதீர்கள், இவ்வளவும்தான் உன் அப்பாவிடம் சொன்னேன் என்றார்.

"அப்படியானால் ஏன் என்னை வெளியே அனுப்பினீர்கள்?"

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். "அனுப்பியிருக்கக் கூடாது" என்றார்.

வெளியே வந்ததும் பிரணவன் என் கையைப் பிடித்தான். அவனுடைய உள்ளங்கை குளிர்ந்து ஈரமாக இருந்தது.

"அக்கா, நீ நம்புறியோ?"

"நம்புறன்."

"அப்பா அவரிட்டயும் சொல்லி வைச்சிருந்தா? பெரியப்பாட டொக்டரும் அல்சர் எண்டுதானே பெரியப்பாவுக்குச் சொன்னவர்."

அப்போது, ஓட்டோவிலிருந்து நான் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, மின்தூக்கி திறந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மாவின் கையில் எங்கள் செருப்புகள் ஒரு பையில். முகமெல்லாம் புகைக்கரி. ஓடி வந்து பிரணவனைக் கட்டிப்பிடிக்கப் போனா. அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"தொடாதேங்கோ. முதல்ல அப்பா சொல்லட்டும். அண்டைக்கு அறைக்குள்ள டொக்டர் என்ன சொன்னவர்? எனக்கு அவர் இப்பச் சொல்லிப்போட்டார். நீங்கள் சொல்லுறது அதோட ஒத்துப்போகுதோ எண்டு நான் பாக்கோணும்."

நடைவழியில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அப்பா எங்களைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கதவை மூடினார்.

"இருதயம் நல்லாயிருக்கெண்டவர்."

"பிறகு?"

"பயம் எண்டவர். பயத்தில மூச்சு இழுக்குதாம்."

"பிறகு?"

அப்பாவின் முகம் சிறு பிள்ளையின் முகம் மாதிரிக் கோணியது. "மனநோய் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவர். நான் அதை என்னெண்டு உனக்குச் சொல்லுறது? அங்க உன்னோட நான் நிக்கிறதை ஒரு ஆள் கண்டாப் போதும், இஞ்சயிருந்து பருத்தித்துறை மட்டும் கதை போயிடும். மகேந்திரராசாட பெடியனுக்கு விசர் எண்டு. உன்ட வாழ்க்கை... நான் கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டு நினைச்சனான். தானா மாறிடும் எண்டு."

"மோட்டச் சைக்கிள்?"

"ஏச வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ! அண்டைக்கு எனக்கு உச்சியில ஏறினது. அடக்கிக்கொண்டு பாப்பம் எண்டனான். நீ படிக்காமத் திரியுறாய், பௌதிகத்தில கோட்டை விடுறாய், மோட்டச் சைக்கிள் கேக்கிறாய், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கோணும்! எனக்கல்லோடா நெஞ்சு வெடிக்கப் பாத்தது!"

பல கிழமைகளாகக் கேட்காத குரல். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. வைத்தியர் சொன்னதும் அப்பா சொன்னதும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பிரணவன் சுவரில் சாய்ந்தான்.

"அப்ப ஓமம்?" என்றேன் நான். "அம்மாவுக்கும் உதுதானே தெரியும். பிறகேன் ஆயுளுக்கு ஓமம்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா செருப்புப் பையை நழுவ விட்டா.

"எனக்கு இவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றா அம்மா. சொல் சொல்லாக வந்தது. "டொக்டர் என்ன சொன்னவர் எண்டு அண்டிரவு குசினிக்குள்ள கேட்டனான். ஒண்டுமில்லை எண்டார். அந்த முகத்தோட ஒண்டுமில்லை எண்டார். உங்கட பெரியப்பாவுக்கு அந்த வருத்தம் எண்டு தெரிஞ்ச அண்டும் இவர் வீட்டை வந்து முதல்ல ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவர். எனக்கு விளங்கீட்டுது. இனிக் கேக்கக் கூடாதெண்டு விட்டிட்டன். சாத்திரியாருக்குப் போன் எடுத்தனான். பதினெட்டு வயசு மட்டும் ஒரு கண்டம் இருக்கு, கவனமாப் பாருங்கோ எண்டார். மாமாவுக்கும் நான்தான் கனடாவுக்கு அழுது போன் எடுத்தனான்..."

"பத்மா!" என்றார் அப்பா. "நீர் எள்ளெண்ணெய் எரிக்கிறதெல்லாம் பரீட்சைக்கெண்டல்லோ நான் இருந்தனான்!"

ஒரே வீட்டில், ஒரே மேசையில், மூன்று பேர் ஒரு பிள்ளையின் சாவைப் பார்த்துக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டிருக்கிறோம். அதில் ஒருவன் அந்தப் பிள்ளையே. நாலாவது ஆள், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிரணவன் சிரிக்கத் தொடங்கினான். படியில் இருந்து, தலையைக் கையில் தாங்கி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அம்மாவும் கண்ணீரோடு சிரித்தா. அப்பாவின் உதடுகூடத் துடித்தது. முடிந்தது, தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது சிரிப்பு நடுவில் அறுந்தது. அவனுடைய தோள்கள் மேலே ஏறின. விரல்கள் கழுத்துக்குப் போயின.

"என்னடா?"

"வருது." கண்கள் அகன்றிருந்தன. "ஒண்டுமில்லை எண்டு தெரியும் அக்கா. தெரிஞ்சும் வருது."

அதுதான் எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் பயமாக இருந்த நேரம். மறைத்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்படியிருந்தும் அது வந்தது. நாங்கள் நாலு பேரும் அந்தப் படிக்கட்டில் அடைபட்டு இருந்தோம், அது தானாகத் தணியும்வரை. அப்பா அவன் முன்னால் குந்தியிருந்தார். அவர் வாயில் "ஒண்டுமில்லை" என்ற சொல் வந்து வந்து நின்றதை நான் கண்டேன். கடைசியில் சொன்னார்:

"புதன்கிழமை கிளினிக் இருக்காம். நான் லீவு போடுறன்."

புதன்கிழமை போனோம். நானும் வரட்டோ என்று கேட்டிருந்தால் வீட்டில் விட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை, கூடவே போனேன். அம்மாவும் பாடசாலைக்கு லீவு போட்டா. காத்திருக்கும் இடத்தில் அப்பா பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதன் விளிம்பால் எட்டிப் பார்த்தவர் உறைந்துபோனார். எதிர் வாங்கில் அவரோடு கந்தோரில் வேலை செய்கிற ஒருவர், மனைவியோடு, தன்னுடைய பத்திரிகையின் விளிம்பால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் தலையை அசைத்தார்கள். பிறகு இரண்டு பத்திரிகைகளும் மேலே எழும்பின.

எங்களைக் கூப்பிட்டபோது பிரணவன் தனியே போக மறுத்தான். எங்களைத் தனியே அனுப்பவும் மறுத்தான். "எல்லாரும் உள்ளுக்கு வரோணும். இனி ஆரும் கதவுக்கு வெளியில நிக்கிறதில்லை" என்றான். அந்தச் சின்ன அறையில் கதிரைகள் போதாமல் நானும் அப்பாவும் சுவரோடு நின்றோம். வைத்தியர் இளம் பெண். மலையகத் தமிழ் பேசினார்.

"யாரு சொல்லப் போறீங்க?"

"இவனுக்கு டொக்டர்..." என்று அம்மாவும், "அதாவது இவர்..." என்று அப்பாவும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

"நான் சொல்லுறன்" என்றான் பிரணவன். "எல்லாரும் ஒண்டுமில்லை எண்டு சொல்லுகினம். ஆனா மூச்சு வருகுதில்லை."

"சரி. நான் ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டேன். எப்ப ரொம்ப மோசமா இருக்கும்?"

பஸ் என்று சொல்வான், வகுப்பு என்று சொல்வான் என்று நான் நினைத்தேன். அவனுடைய எல்லாப் பயமும் எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன். அவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"படுக்கேக்க. நித்திரையில மூச்சு நிண்டா ஆருக்கும் தெரியாதெண்டு நான் படுக்கிறேல்லை. சுவரில சாய்ஞ்சு இருப்பன். விடிய அம்மா குசினி லைட்டைப் போட்ட பிறகுதான் படுப்பன். ஏனெண்டா அதுக்குப் பிறகு ஒரு ஆள் முழிச்சிருக்கிறா."

"எவ்வளவு நாளா?"

"தொடங்கின நாளிலயிருந்து."

அம்மா கையால் வாயைப் பொத்தினா. அப்பா சுவரிலிருந்து முன்னுக்கு வந்தார். எங்களுக்கு ஏன்டா இதைச் சொல்லவில்லை என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். கேட்கவில்லை. வைத்தியர் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை, தம்பியின் கதிரைக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றார்.